துட்டி வீட்டு வாசலில் முடிக்காத சவாரி

மதுரை விமான நிலையத்தில் ஒரே ஒரு பையோடு, அதுவும் பாதி காலியான பையோடு வெளியே வருகிறவரைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும், இது சாவுக்குப் போகிற சவாரி என்று. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பெட்டி பெட்டியாக உருட்டிக்கொண்டு வருவார்கள். விடுமுறைக்கு வருகிறவர்கள் வாசலைத் தாண்டியதும் வெயிலைத் திட்டுவார்கள். துட்டிக்கு வருகிறவர்களுக்கு வெயில் அடிப்பதே தெரியாது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களுக்கு ஒரு மனிதர் அரக்கப் பரக்க விமானத்தில் வந்து இறங்குகிறார் என்றால் அதற்கு வேறு காரணம் அநேகமாக இருக்காது.

எனக்குச் சொந்த ஊர் பாலவனத்தம். சொந்தமாக ஒரு மஞ்சள் போர்டு கார் வைத்திருக்கிறேன். நாலைந்து வருடமாக ஒரு செயலி நிறுவனத்துக்கு ஓட்டுகிறேன். செல்போனில் சவாரி வரும், ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, 'முடிந்தது' என்று அழுத்தினால் அந்தச் சவாரி தீர்ந்தது. அதற்கு முன்னால் அருப்புக்கோட்டை ஸ்டாண்டில் வரிசை போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். செயலிக்குப் போனவனை ஸ்டாண்டில் திரும்பச் சேர்ப்பதில்லை என்று அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. அதை யாரும் எழுதி வைக்கவில்லை, முத்திரை குத்தவில்லை. ஆனால் கறாராக நடக்கும். ஆக, செயலியில் என் பேரில் இருக்கிற ஐடி போனால் எனக்குப் பிழைப்பு இரண்டு பக்கமும் அடைபட்டுவிடும். இதைத் தெரிந்துகொண்டுதான் போனேன். அதனால் இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. குறை சொல்ல வேண்டிய இடம் வேறு.

அன்று வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சட்டையில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறவர். மகள்தான் அங்கிருந்தபடியே சவாரி போட்டுக் கொடுத்திருந்தார். பந்தல்குடி தாண்டி உள்ளே பிரிகிற ரோட்டில் ஒரு ஊர். காரியாபட்டி வந்தது. அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, "எங்கக்கா போயிருச்சு" என்றார்.

கோடி எடுத்தாச்சா என்று மட்டும் கேட்டேன். ஒரு பெண் இறந்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். அதைப் போர்த்தாமல் எடுக்க மாட்டார்கள். அக்காவுக்கு அதைக் கொண்டுபோக வேண்டிய தம்பி இவர்தான், இவரோ வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். கேட்டதும் பதறிவிட்டார். அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடை முன்னால் நிறுத்தி, நானும் கூடப் போய், ஒரு அரக்குச் சேலையும் மாலையும் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தேன். அதற்குள் வண்டியில் மாட்டியிருந்த செல்போன், வண்டி ஏன் நிற்கிறது, பயணி பாதுகாப்பாக இருக்கிறாரா என்று இரண்டு தடவை கேட்டிருந்தது. ஆம் என்று அழுத்திவிட்டுக் கிளம்பினேன்.

ஊருக்குள் நுழையும்போதே கொட்டுச் சத்தம் கேட்டது. பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆம்பளையாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கார் நின்றதும் பெண்கள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். 'தம்பி வந்துட்டான், எந்திரிச்சுப் பாரு' என்று உள்ளே யாரோ இறந்தவளிடம் சொல்லி அழுதார்கள். அவர் சேலைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

இங்கேதான் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். நிறுவனம் குற்றம் என்று சொன்னது இதைத்தான்.

சவாரி முடிந்ததென்று அழுத்தினால் அந்தச் செயலி சும்மா இருக்காது. முதலில் ஒரு கும்மாளமான இசை வரும். பிறகு ஒரு பெண் குரல், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு பேசுகிற மாதிரி, 'நன்றி! மீண்டும் வருக!' என்று கத்தும். சத்தத்தைக் குறைக்க முடியாது. குறைத்தால் அதுவே ஏற்றிக்கொள்ளும், அடுத்த சவாரி வருவது ஓட்டுநர் காதில் விழ வேண்டுமாம். எங்கள் ஊர்களில் துட்டி வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'வாரேன்' என்று சொல்கிற வழக்கம் கிடையாது. சின்னப் பிள்ளைகூடச் சொல்லாது. அந்த வாசலுக்கு இன்னொரு தரம் அதே காரியத்துக்கு வருவேன் என்று சொன்னதாக ஆகிவிடும். பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். அப்படிப்பட்ட வாசலில், பிணம் உள்ளே கிடக்கும்போது, 'மீண்டும் வருக' என்று என் வண்டி கத்தினால் அந்த ஊர் ஆட்கள் என்னை என்ன செய்திருப்பார்கள் என்பது இருக்கட்டும். என் மனசு கேட்காது.

அதனால் அழுத்தாமல் கிளம்பினேன். ஊரைத் தாண்டி ஒன்றரைக் கிலோமீட்டரில் ஒரு கண்மாய். அந்த வருடம் மழை பெய்து கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. துட்டிக்குப் போய்விட்டுக் கால் நனைக்காமல் நான் வண்டியில் அடுத்த ஆளை ஏற்றுவதில்லை. போனை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கிக் கை கால் முகம் கழுவினேன். ஒரு வாளித் தண்ணீர் மொண்டு நாலு சக்கரத்துக்கும் ஊற்றினேன். கரைமேல் இருந்த வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். வந்து பார்த்தால் போனில் தவறிய அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. ஊரைத் தாண்டியதும் அழுத்த நினைத்து மறந்த சவாரி அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பெங்களூரில் அந்த மகள் வரைபடத்தில் வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். வண்டி முதலில் அருப்புக்கோட்டையில் நின்றது. பிறகு அத்தை வீட்டு வாசலைத் தாண்டிப் போனது. அதன் பிறகு ஒரு கண்மாய்க் கரையில் போய் அசையாமல் நின்றுவிட்டது. அப்பாவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. அக்கா காலடியில் விழுந்து அழுகிறவர் எங்கே போனை எடுப்பார்? எனக்குப் போட்டார், நானும் எடுக்கவில்லை. அவர் இடத்தில் என் மகள் இருந்தாலும் செயலியில் ஆபத்துக்கென்று இருக்கிற சிவப்புப் பொத்தானை அழுத்தித்தான் இருப்பாள். அழுத்தினார். பயணியின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று புகார் பதிவானது. நான் சவாரியை முடித்து, அந்தப் பெண் குரல் கண்மாய்க் கொக்குகளைப் பார்த்து 'மீண்டும் வருக' என்று கத்தி ஓய்ந்த அடுத்த நிமிடம் திரை சாம்பல் நிறத்துக்குப் போனது. உங்கள் ஐடி நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

நிறுவனத்தோடு பேச ஒரு வழிதான் உண்டு, செயலிக்குள்ளேயே எழுத வேண்டும். எழுதினேன். நடந்ததை நடந்தபடி, கோடி எடுத்ததிலிருந்து கால் கழுவினது வரை எழுதினேன். 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று ஒரே நொடியில் பதில் வந்தது. ஒரு நொடியில் யார் அவ்வளவையும் படித்திருக்க முடியும்? மறுபடி எழுதினேன். காரணத்தைக் கீழே உள்ளவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கவும் என்றது. போக்குவரத்து நெரிசல், வண்டிப் பழுது, தவறான முகவரி, பயணியின் வேண்டுகோள், பிற. 'பிற' என்பதை அழுத்தினால் மறுபடி முதல் பக்கத்துக்கே கொண்டுபோய் விட்டது. மேல்முறையீட்டுக்கு ஏழு நாள். பயணியிடமிருந்து எழுத்துமூலமாக விளக்கம் இருந்தால் இணைக்கலாம்.

என் வீட்டுக்காரி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள், அந்தப் பெரியவரிடம் போய் ஒரு கடிதம் வாங்கி வந்தால் காரியம் முடிந்தது என்று. பதினாறாம் நாள் கருமாதி ஆகாத வீட்டுக்கு என் வேலையாகப் போய் நிற்க முடியாது என்று நான் சொல்லிவிட்டேன். பதினாறு எங்கே, ஏழு எங்கே என்று அவள் கேட்டாள். சட்டம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதைப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

சட்டம் இருக்கிறது என்றுதான் நான் நம்பியிருந்தேன். இந்த மாதிரி நிறுவனங்களுக்கு அரசாங்கம் நெறிமுறைகள் கொண்டுவந்திருக்கிறது, ஓட்டுநரின் குறையைக் கேட்க ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்று பேப்பரில் படித்திருந்தேன். என் கார் விஷயத்தில்தான் சட்டம் எவ்வளவு கண்ணும் கருத்துமாக இருக்கிறது! பெர்மிட், எஃப்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, எனக்கு பேட்ஜ். வண்டி எங்கே போகிறதென்று காட்டுகிற கருவி, ஆபத்துக்கு அழுத்த ஒரு பொத்தான். முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இல்லை என்று என்னை ஒரு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நம்பர் பலகையின் மஞ்சள் பெயின்ட் கொஞ்சம் வெளுத்திருக்கிறது என்று இன்னொரு தடவை. அவ்வளவு பார்க்கிறவர்கள் இதையும் பார்க்காமலா போய்விடுவார்கள் என்று எல்லாக் காகிதத்தையும் கோப்பில் போட்டுக்கொண்டு போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே இருந்த ஆய்வாளர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். என் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ஒங்க வண்டியில ஒரு கொறையும் இல்லையே" என்றார். வண்டியில் குறை என்று நான் வரவில்லை என்றேன். அவர் நெறிமுறைகளைப் பற்றி விளக்கினார். அது மேலே மத்திய அரசிலிருந்து வந்திருப்பது. இங்கே மாநிலத்தில் அதற்கு விதி வர வேண்டும். விதி வந்த பின் நிறுவனம் உரிமம் வாங்க வேண்டும். அந்த உரிமத்தைப் பார்க்கிற இடம் இது இல்லை. நாங்கள் வண்டியையும் ஓட்டுநரையும் பார்க்கலாம், செயலியை நிறுத்தி வைத்துப் பார்க்க முடியாதே என்றார். சிரிப்புக்குச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரோட்டில் ஓடுகிற என்னை எந்த வளைவிலும் மறித்து நிறுத்தலாம். என்னை ஓடவிடாமல் நிறுத்தியவனை மட்டும் எங்கேயும் நிறுத்த முடியாதா?

தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். விருதுநகருக்குப் பஸ்ஸில் போனேன். இரண்டு நாள் அலைந்த பிறகு ஒருவர் என் போனில் இருந்த ஒப்பந்தத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தார். நான் தொழிலாளி இல்லையாம். பார்ட்னராம். அதாவது அந்த நிறுவனத்துக்குக் கூட்டாளி. கூட்டாளிகள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் அதில் எழுதியிருக்கிறது, நீங்களும் சம்மதம் என்று தொட்டிருக்கிறீர்கள் என்றார். நான் எதைத்தான் தொடவில்லை? வண்டி ஓட வேண்டும் என்றால் அது காட்டுகிற எல்லாவற்றையும் தொட்டுத்தான் ஆக வேண்டும். போகும்போது, செயலியில் வேலை செய்கிற தொழிலாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது, அதில் பதிந்துகொள்ளுங்கள் என்று அக்கறையோடு சொன்னார். பதிந்தேன். ஆக, ஒரு காகிதத்தில் கூட்டாளி, இன்னொரு காகிதத்தில் தொழிலாளி, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறவன்.

ஏழாம் நாள் வந்துவிட்டது. வீட்டுக்காரிக்குப் பொறுமை போய்விட்டது. துக்கம் கேட்கப் போகிற மாதிரிப் போய், அப்படியே பேச்சோடு பேச்சாக ஒரு கடிதம் கேட்டு வாங்கி வரச் சொன்னாள். போனேன். அதைச் சொல்லவே இப்போதும் கூச்சமாக இருக்கிறது. சட்டைப் பையில் வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு ஒரு துட்டி வீட்டுக்கு நான் துக்கம் கேட்கப் போனேன்.

பந்தலைப் பிரித்திருந்தார்கள். பெரியவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே திரும்பி, அன்னைக்கு என்னைக் கொண்டுவந்து விட்ட தம்பி என்று வீட்டில் இருந்தவர்களிடம் சொன்னார். நாலைந்து பெண்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

"கோடி எடுக்கணும்னு ஒங்களுக்குத் தோணுச்சு, எனக்குத் தோணல தம்பி. வெறுங்கையோட வந்து நின்னுருப்பேன். எங்கக்கா முகத்துல எப்படி முழிச்சிருப்பேன்?" என்றார். பிடித்த கையை விடாமல், "ஒரு சத்தங்காட்டாம, ஒரு வார்த்த சொல்லாம வண்டிய எடுத்துட்டுப் போனீக. எங்க வீட்டுப் பொம்பளையாளுக இன்னும் அதச் சொல்லிக்கிட்டே இருக்காக" என்றார்.

புகாரைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது என்பது புரிந்தது. மகள் சொல்லவில்லை. சாவு வீட்டில் இதையா சொல்வார்கள்? என் கை சட்டைப் பைக்குப் போனது. அந்தத் தாளை எடுத்து, நீங்கள் மெச்சுகிற அதே காரியத்துக்காக என் பிழைப்பை நிறுத்தியிருக்கிறார்கள், ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டால் போதும். வாய் வரவில்லை. "என்ன தம்பி, இவ்வளவு தூரம்?" என்று கேட்டார். சும்மா, பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வழக்கப்படி ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தேன்.

வீட்டில் அன்றைக்கு எனக்குக் கிடைத்த அர்ச்சனையை எழுத முடியாது. கடைசியில் அவள், "அவுககிட்ட ஒரு வார்த்த கேட்டா ஒங்க வாயில இருக்க முத்து உதுந்துருமா?" என்றாள். அவளுடைய கோபத்தில் ஒரு தப்பும் இல்லை. நான் கோபப்பட ஓர் ஆள் கூட அகப்படவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த ஏழு நாளில் நான் பார்த்த எல்லாரும் நல்லவர்கள். அவர்களில் யாருக்கும் என் வண்டியை நிறுத்தியதில் சம்பந்தம் இல்லை. நிறுத்தியது எதுவோ, அதற்கு முகமே இல்லை.

அப்புறம் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஐடியை நான் கைகழுவிவிட்டேன். வண்டி வேப்பமரத்தடியில் நின்று, அதன் மேல் காக்காய் எச்சம் காய்ந்து கிடந்தது. ஒருநாள் மத்தியானம் போன் வந்தது. நிறுவனத்திலிருந்து பேசுகிறேன் என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல். இயந்திரம் இல்லை, மனுஷி. கருமாதிக்கு ஊருக்கு வந்த மகளிடம் பெரியவர் என்னைப் பற்றிச் சொல்லப்போக, அந்த மகள் விஷயம் அறிந்து புகாரைத் திரும்பப் பெற்று நீளமாக ஒரு கடிதமும் அனுப்பியிருக்கிறாராம். பெரியவருக்கு நான் அவர் வாசலுக்கு எதற்கு வந்தேன் என்பதும் தெரிந்துபோயிருக்கும். அதை நினைத்ததும் முகம் சுருங்கிப் போனது.

"புகார் க்ளோஸ் ஆயிருச்சு சார். ஆனா சவாரிய எறக்குன எடத்துல முடிக்காதது தனியா நிக்குது சார். வாசல்லயே முடிச்சிருக்கலாமே சார்?" என்றாள். ஏன் முடிக்கவில்லை என்று அவளுக்குச் சொன்னேன். அந்த மூன்று வாரத்தில் அந்த நிறுவனத்தில் ஒரு மனுஷ ஜீவனிடம் அதைச் சொல்வது அதுதான் முதல் தடவை.

"எங்க ஊர்லயும் வர்றேன்னு சொல்ல மாட்டாங்க சார்" என்றாள், குரலைத் தாழ்த்தி. "ஆனா அதுக்கு இதுல ஆப்ஷன் இல்ல சார்."

ஐடியைத் திறந்துவிட ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு பயிற்சி வீடியோவை முழுக்கப் பார்க்க வேண்டும். அதில் மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஓட்டுநர் ஒருவர், பயணி இறங்கியதும் வாசலிலேயே பொத்தானை அழுத்தி, பல்லைக் காட்டிக் கும்பிட்டார். முடிவில் ஓர் உறுதிமொழி. ஒவ்வொரு சவாரியையும் பயணி இறங்கும் இடத்திலேயே முடிப்பேன், மீறினால் நிரந்தரமாக நீக்கச் சம்மதம். தொட்டேன். சாம்பல் திரை மறைந்து வரைபடம் வந்தது. வீட்டுக்காரி சாமி கும்பிட்டாள். நான் வண்டியைக் கழுவினேன்.

பத்துப் பதினைந்து நாள் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு ஒருநாள் காலையில் விமான நிலைய வாசலில் ஓர் இளம்பெண் வந்து ஏறினாள். கையில் ஒரு பை, அதுவும் பாதி காலி. திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். வழி முழுக்கத் துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டே வந்தாள். இறந்தது யார் என்று நான் கேட்கவில்லை. சவாரியை வேண்டாம் என்று தள்ளியிருக்கலாம்தான், அப்படித் தள்ளினால் அடுத்த சவாரிகளைக் குறைக்க அதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

பந்தல் தெரிந்தது. கொட்டுச் சத்தம் கேட்டது. ஒரு மனுஷி, அம்மாவாகத்தான் இருக்க வேண்டும், தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். அந்தப் பெண் இறங்கிக் கதவைச் சாத்தினாள். போனின் மேல் தோள் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, வாசலிலேயே அழுத்தினேன்.

துண்டு எதையும் தடுக்கவில்லை. இசை முழுசாகப் பாடி முடித்தது. 'நன்றி! மீண்டும் வருக!' கொட்டடிக்கிறவர் ஒரு நொடி கையை நிறுத்தினார். தாயும் மகளும் கட்டிப்பிடித்தபடியே திரும்பினார்கள். அவர்கள் போனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். சொன்னது நான்தான் என்கிற மாதிரி. ஒரு விதத்தில் நான்தான் சொன்னேன், உறுதிமொழி கொடுத்திருக்கிறேனே. பந்தலிலிருந்து யாரோ எழுந்து வருவது கண்ணாடியில் தெரிந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஊருக்கு வெளியே ஊருணிக் கரையில் நிறுத்தினேன். போனைப் பார்த்தால், சவாரி சரியான இடத்தில் முடிக்கப்பட்டது என்று ஒரு பச்சைக் குறியும் பாராட்டும் வந்திருந்தன. இறங்கிக் கை கால் கழுவினேன். எவ்வளவு நேரம் கழுவினேன் என்று தெரியவில்லை. வண்டி ஏன் நிற்கிறது என்று போன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.